௸ போடத் தெரியாத மிஷின்

லட்ச லட்சமா கொட்டி வாங்கின ரவுட்டருக்கு, எங்க ஊர் கர்ணத்துக்கு இருந்த புத்தி இல்ல தம்பி. கோவிச்சுக்காத. நீ மாடியில குடியிருக்கிற பையன், மாசாமாசம் தேதி தவறாம வாடகை குடுக்கிறவன். உன்னைச் சொல்லல, மிஷினைத்தான் சொல்றேன். உன்னையும் கொஞ்சம் சொல்லுவேன், அது அப்புறம்.

நான் முடிச்சூர்க்காரன். எங்கப்பா கர்ணம். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்துல கர்ணம், முன்சீப்பு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாரே, அந்தக் கூட்டத்துல அவரும் ஒருத்தர். அதுவரைக்கும் அவர் அடங்கல் எழுத, பக்கத்துல உக்காந்து கோடு போட்டுக் குடுத்தவன் நான். அதனால ‘பல வரியில வர்ற ஒரே சங்கதி’ன்னு நீ பெருமூச்சு விடறியே, அந்த நோவு எனக்கு அரை டிராயர் போட்ட காலத்துலேருந்தே பழக்கம்.

அடங்கல்ல ஒரு சர்வே நம்பர் இருக்கும். அதுல நாலு பேர் அனுபவம் இருக்கும். ஒருத்தன் நெல்லு, ஒருத்தன் கேழ்வரகு, ஒருத்தன் மணிலா, ஒருத்தன் தரிசாப் போட்டுட்டு கோர்ட்டுக்கு அலையறவன். சர்வே நம்பரை முதல் வரியில ஒரே தடவைதான் எங்கப்பா எழுதுவார். கீழ வர்ற மூணு வரிக்கும் அந்தக் கட்டத்துல ‘௸’ன்னு ஒரு சுழி. மேற்படின்னு அர்த்தம். இந்த வரி தனி ஆள் இல்ல, மேல இருக்கிறவனைச் சேர்ந்ததுன்னு அந்தச் சுழி சொல்லிடும். பக்கம் திருப்பினா மட்டும் சர்வே நம்பரைத் திரும்ப எழுதுவார். புதுப் பக்கத்து உச்சியிலயே ௸ இருந்தா, ஜமாபந்திக்கு வந்த அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டு, ‘எதுக்குய்யா மேற்படி, வானத்துக்கா?’ன்னு கேப்பார்னு அவருக்குப் பயம்.

இப்ப உன் மிஷினுக்கு வா. சிஸ்கோ ரவுட்டர்ல மெமரி தீர்ந்துபோனா லாக்ல என்ன எழுதுது? முதல் வரியில தேதி, நேரம், அப்புறம் ஒரு சதவீதக் குறி, ‘சிஸ்-2-மல்லாக்ஃபெயில்’, இத்தனை பைட்டு கேட்டேன், கிடைக்கலன்னு ஒரு அழுகை. அடுத்த வரி ‘பூல்: ப்ராசசர்’னு ஆரம்பிச்சு, மிச்சம் எவ்வளவு, காரணம் என்னன்னு சொல்லும். அதுக்கடுத்த வரி மாத்துப் பூல் இருக்கா இல்லையான்னு. அப்புறம் ஒரு சின்னக் கோடு போட்டு ‘ப்ராசஸ்’, இன்னொரு கோடு போட்டு ‘ட்ரேஸ்பேக்’. மொத்தம் அஞ்சு வரி. தேதி இருக்கிறது முதல் வரியில மட்டும். மத்த நாலும் தலையும் இல்லாம, சுழியும் இல்லாம, அம்போன்னு நிக்குது.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? காரணம் இருக்கிறது ரெண்டாவது வரியில. மெமரி நிஜமாவே தீர்ந்துபோச்சா, இல்ல இருக்கிறது துண்டு துண்டாச் சிதறிக் கிடக்கிறதால குடுக்க முடியலையான்னு அங்கதான் எழுதியிருக்கும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. நீ என்ன பண்ணினே? மல்லாக்ஃபெயில்னு ஒரு சொல்லைத் தேடி, கிடைச்ச வரியை மட்டும் கத்தரிச்சு மேனேஜருக்கு மெயில் போட்டே. அவரும் ‘ராம் வாங்கிப் போடு’ன்னு உத்தரவு போட்டுட்டார். நல்ல ஜோடி.

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. என் பேத்தி இதே வேலைதான் பாக்குறா. ஞாயித்துக்கிழமை வந்தான்னா, நான் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொன்னாத்தான் கோழிக்குழம்பு. நம்ம பக்கமே இப்ப அந்தத் தொழில்லதானே இருக்கு? தாம்பரத்துல 1984-ல மெப்ஸ் வந்தது. ஜிஎஸ்டி ரோட்டுலயே இன்னும் கொஞ்சம் தெக்கே போனா கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜோஹோ. 1996-ல அட்வென்ட்நெட்னு அவங்க ஆரம்பிச்சப்போ, நெட்வொர்க் சாமான்களை மேய்க்கிற சாஃப்ட்வேர்தான் பிழைப்பு. இன்னிக்கும் ஈவென்ட்லாக் அனலைசர்னு ஒண்ணு விக்கிறாங்க. ஊர் உலகத்து ரவுட்டரும் ஃபயர்வாலும் புலம்பறதையெல்லாம் வாங்கிப் பிரிச்சு அடுக்கறதுதான் அதோட உத்தியோகம். நாங்க நெல்லுப் போரடிச்ச பக்கத்துல நீங்க லாக்கு போரடிக்கிறீங்க. பதரை மட்டும் பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டு நெல்லைத் தூத்தி விட்டுடறீங்க, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

முதல் முயற்சி சரிவரலன்னதும் நீ ரெண்டாவதா ஒண்ணு பண்ணினே பாரு, அதை நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது. முழு ஃபைலையும் ஒரே வாயில விழுங்கச் சொல்லி, ஒரு சங்கதியோட தலையிலேருந்து வால் வரைக்கும் பிடிக்கிற மாதிரி ஒரு ரெகெக்ஸ் எழுதினே. அது ஸ்கிரீன்ல அடங்காம மூணு வரிக்கு ஓடிச்சு. ஃபைல் சின்னதா இருந்த வரைக்கும் ராஜா. பெருசு ஒண்ணைக் குடுத்ததும் லேப்டாப்பு ஃபேன் போட்ட சத்தத்துல, ஏர்ஃபோர்ஸ்காரன்தான் ஸ்டேஷன்லேருந்து விமானத்தைக் கிளப்பிட்டான்னு உங்க பெரியம்மா எழுந்து உக்காந்துட்டா.

வாலைத் தேடினதுதான் கோளாறு தம்பி. எந்தச் சாதனமும் ‘இத்துடன் என் சங்கதி முடிந்தது’ன்னு எழுதறதில்ல. ஆனா ஆரம்பத்தை எழுதாம இருக்க அதால முடியாது. தேதியும் நேரமும் சதவீதக் குறியும் போட்டே ஆகணும். அதனால நீ வால் பக்கமே திரும்பாத. வரி வரியாப் படி. வந்த வரி தலைவரியான்னு மட்டும் கேளு. தலைவரின்னா, இதுவரைக்கும் சேர்த்து வச்சிருந்த கட்டை வெளியே குடுத்துட்டு, புதுக் கட்டு ஆரம்பி. தலைவரி இல்லன்னா, மனசுக்குள்ள ஒரு ௸ போட்டு, கையில இருக்கிற கட்டோட சேர்த்துடு. பைத்தான்ல ஒரு ஃபார் லூப், ஒரு இஃப், ஒரு லிஸ்ட், ஒரு யீல்டு. யீல்டு போட்டா ஒரு கட்டு முடிய முடிய வெளியே வந்துடும். ஃபைல் எத்தனை ஜிபி இருந்தாலும் மெமரியில ஒரு நேரத்துக்கு ஒரே கட்டுதான் கிடக்கும். என் பேத்தி எழுதினது பத்துப் பன்னெண்டு வரி. நீ எழுதினதைப் பார்த்துட்டு அவ ஒண்ணும் சொல்லல. மரியாதையான பொண்ணு.

லூப் முடிஞ்சதும் கையில கடைசிக் கட்டு ஒண்ணு மிச்சம் இருக்கும், பார்த்துக்கோ. அடுத்த தலைவரி வந்தாத்தானே அதை வெளியே குடுப்பே? வராதே. ஃபைல்தான் தீர்ந்துபோச்சே. லூப்புக்கு வெளியே இன்னொரு யீல்டு போடலைன்னா, அந்தக் கடைசிச் சங்கதி சத்தமில்லாமப் போயிடும். மிஷின் சாகறதுக்கு முன்னாடி கடைசியா என்ன சொல்லிச்சுங்கறதுக்குத்தானே நீ லாக்கையே தொறந்தே? அதையே தொலைச்சுட்டு, ‘எல்லாம் நார்மல் சார்’ன்னு ரிப்போர்ட் குடுப்பே.

ஓடிக்கிட்டே இருக்கிற லாக்கை வாசிக்கிறப்போ இதுவே வேற மாதிரி படுத்தும். அடுத்த தலைவரி அஞ்சு நொடியிலயும் வரலாம், அஞ்சு மணி கழிச்சும் வரலாம். கட்டை எவ்வளவு நேரம் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிப்பே? ஃபைல்பீட்னு ஒரு சாமான் இருக்குல்ல, அது நாம ஒண்ணும் சொல்லலைன்னா 5 நொடி பார்க்கும், அதுக்குள்ள வரலைன்னா இருக்கிறதை அனுப்பிடும். ஒரு கட்டுக்கு 500 வரிதான்னு ஒரு வரம்பும் வச்சிருக்கு. ரெண்டுமே நல்ல வழக்கம். வரம்பு வைக்காம விட்டா, ஏதோ ஒரு சாதனம் பைத்தியம் பிடிச்சுத் தலையில்லாத வரியாக் கொட்டற அன்னிக்கு உன் புரோகிராம் மூச்சு முட்டிச் சாகும்.

தலைவரியைக் கண்டுபிடிக்கிறதுலயும் ஒரு சூட்சுமம். பைத்தான்ல ‘மேட்ச்’னு ஒண்ணு, ‘சர்ச்’னு ஒண்ணு. மேட்ச் வரியோட வாசல்ல நின்னு பார்க்கும். சர்ச் கொல்லைப்புறம் வரைக்கும் போய்த் தேடும். நீ போட்டது சர்ச். ‘கடைசியாக ரீசெட் ஆனது டிசம்பர் 1’னு ஒரு தொடர்வரி நடுவுல தேதி வந்தது, உடனே அதையும் தலைவர்னு கிரீடம் வச்சு உக்கார வச்சுட்டே. பேர்ல தலைவர் இருக்கிறவனெல்லாம் தலைவரா?

அதுக்காக ‘முதல் எழுத்து மாசத்தோட பேராத்தான் இருக்கணும்’னு விறைப்பாவும் நிக்காத. சிஸ்கோ சாமான் தன் கடிகாரத்து மேல தனக்கே நம்பிக்கை இல்லைன்னா, தேதிக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் போடும். நேர சர்வரோட இணைப்பு அறுந்திருந்தா ஒரு புள்ளி வைக்கும். பழைய சாமான் பலதுல கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தா 1993 மார்ச் 1-ல போய் நிக்கும். நம்ம பக்கம் மழைக்காலத்துல கரண்ட் எத்தனை தடவை போகும்னு உனக்கே தெரியும். அத்தனை தடவையும் அதுக்கு மார்ச் ஒண்ணு. நட்சத்திரத்தை நீ ஒத்துக்கலைன்னா, கரண்ட் வந்த பிறகு எழுதின அத்தனை சங்கதியும் தலையில்லாத வரின்னு முந்தின கட்டுக்குள்ள போய் விழும். மிஷின் நாணயமா ‘எனக்கு மணி தெரியல’ன்னு சொல்லுது. கேக்கத்தான் நமக்குக் காது இல்ல.

மணின்னதும் ஞாபகம் வருது. 2015 டிசம்பர் மழை. நீ அப்ப இங்க இல்ல. ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர். அடையாறு ஊருக்குள்ள வந்துடுச்சு. முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் படகு விட்டாங்க. எல்லாரும் டிசம்பர் ஒண்ணாம் தேதி மழைன்னுதான் சொல்வோம். வானிலைக்காரங்க கணக்குல அந்த 49, ரெண்டாம் தேதியில இருக்கும். ஏன்னா அவங்க காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, அதுவரைக்கும் 24 மணி நேரத்துல பெஞ்சதை அன்னிக்குத் தேதியில எழுதுவாங்க. எட்டரைங்கறது நமக்கு. யூ.டி.சி. கணக்குல அது விடிகாலை 3 மணி.

உன் ரவுட்டரும் தானா விட்டா யூ.டி.சி.லதான் எழுதும். அன்னிக்கு ராத்திரி ஒண்ணரை மணிக்கு, அதாவது ரெண்டாம் தேதி, ஒரு லிங்க் அறுந்திருந்தா, லாக்ல டிசம்பர் 1, 20:00ன்னு இருக்கும். மழைக் கணக்கையும் லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு ‘மழை வர்றதுக்கு முந்தின நாளே லிங்க் போயிடுச்சு, அப்ப மழை காரணமில்ல’ன்னு நீ எழுதிக் குடுப்பே. அதுக்குக் கீழ ஒருத்தன் கையெழுத்தும் போடுவான். யாரோட கடிகாரம், எந்த ஊர் மணின்னு கேட்டுக்கிட்டுத் தேதியைத் தொடு.

வருஷத்துல இன்னொரு கூத்து. எரிக் ஆல்மன்னு ஒருத்தர் 1980-கள்ல பெர்க்லியில மெயில் புரோகிராமுக்காக எழுதினதுதான் இந்த சிஸ்லாக். ஊரெல்லாம் அவங்கவங்க இஷ்டத்துக்கு அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2001-ல ஆர்.எஃப்.சி. 3164-ன்னு ஒரு பத்திரம் எழுதினப்போ, சட்டம் போடல. இருக்கிற வழக்கத்தைப் பதிவு பண்ணினதோட சரி. அந்த வழக்கத்துல மாசம் உண்டு, தேதி உண்டு, வருஷம் கிடையாது. 2009-ல வந்த 5424-ல வருஷத்தைச் சேர்த்தாங்க. பழைய சாமான் பலதுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரல. வருஷமில்லாத தேதியை பைத்தானோட ‘ஸ்ட்ரப்டைம்’ கிட்ட குடுத்தா, அது தானா 1900-ன்னு போட்டுக்கும். சரி, அப்புறம் மாத்திக்கலாம்னு நினைப்பே. 1900 லீப் வருஷம் இல்ல தம்பி. பிப்ரவரி 29-ன்னு ஒரு வரி வந்தா ‘அப்படி ஒரு நாளே இல்ல’ன்னு கைய விரிச்சுடும். 2024-ல அப்படி ஒரு நாள் வந்துது, 2028-லயும் வரும். பைத்தான் 3.13-லேருந்து அதுவே ‘வருஷத்தைக் குடுத்துட்டு தேதியைக் குடு’ன்னு முணுமுணுக்க ஆரம்பிச்சிருக்கு. வருஷத்தை முன்னாடி ஒட்டிட்டுக் குடு. டிசம்பர் முடிஞ்சு ஜனவரி வர்ற இடத்துல ஒண்ணு கூட்டிக்கோ.

யூ.டி.பி. வழியா வர்ற லாக்கு இருக்கே, அது தனிக் கச்சேரி. 514-ஆம் போர்ட்டுல பத்துச் சாதனம் ஒரே நேரத்துல பேசும். இவன் அஞ்சு வரிக்கு நடுவுல அவன் மூணு வரி நுழையும். ஒரே ஒரு கட்டை வச்சுக்கிட்டு வர்றதையெல்லாம் சேர்த்தே, அப்புறம் பல்லாவரத்து சுவிட்ச்சோட புலம்பல் குரோம்பேட்டை ரவுட்டர் தலையில. சாதனத்துக்கு ஒரு கட்டு வை. ஒரு டிக்ஷனரி போதும். அதோட, வாங்கி வைக்கிற சர்வர் ஒவ்வொரு வரிக்கும் தன் பங்குக்கு ஒரு தேதியை முன்னாடி ஒட்டிடும். அப்ப எல்லா வரியும் தலைவரி மாதிரியே தெரியும். அந்த ஒட்டுத் தேதியை உரிச்சுட்டு, உள்ளே சாதனம் எழுதினதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். வழியில ஒரு வரி தொலைஞ்சா யூ.டி.பி. திரும்பக் கேக்காது, முன்னே பின்னே வந்தாலும் அடுக்கித் தராது. சிஸ்கோவுல வரிசை நம்பர் போடற வசதி இருக்கு. அதைப் போட்டு வைக்கச் சொல்லு.

ஃபைலைக் காலி பண்ணிப் புது ஃபைல் ஆரம்பிக்கிற நேரமும் இப்படித்தான். நடு ராத்திரி, அஞ்சு வரிச் சங்கதியில ரெண்டு வரி பழைய ஃபைல்லயும் மூணு வரி புது ஃபைல்லயும் விழும். புது ஃபைலோட உச்சியில தலையில்லாத வரி. உன் கோடு அதைப் பார்த்ததும் ‘கட்டே இல்லையே, எங்க சேர்க்கறது’ன்னு எரர் போட்டுப் படுத்துடுச்சு. நீ அதுக்குப் பண்ணின வைத்தியம், ‘ட்ரை’ போட்டு ‘எக்செப்ட்’ போட்டு ‘பாஸ்’. அடேங்கப்பா. வாய்தா வாங்காமயே கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டே. ரெண்டு ஃபைலையும் வரிசையா ஒரே ஓட்டத்துல படிச்சிருந்தா அது தானா முந்தின கட்டோட போய்ச் சேர்ந்திருக்கும். சேராம நிக்கிறதை ‘தலை தெரியாதது’ன்னு தனி ஃபைல்ல போட்டு வை. வாரத்துக்கு ஒரு தடவை அதைத் தொறந்து பாரு. உனக்குப் புரியாத சங்கதியெல்லாம் அங்கதான் குமிஞ்சு கிடக்கும்.

ஸ்பிளிட்லைன்ஸை நம்பி வரி பிரிக்காத, அதையும் சொல்லிடறேன். நீ எதிர்பார்க்காத குறியையெல்லாம், ஃபார்ம்ஃபீட் உட்பட, அது வரி முடிவுன்னு எடுத்துக்கும். ஃபைலைத் தொறந்து நேரா லூப்ல விட்டா அந்தத் தொல்லை இல்ல.

நம்ம ஊர்ப் பேர் லாக்ல தமிழ்ல வந்தா என்ன ஆகும்னு பேத்தியைக் கேட்டேன். சோதிச்சுக் காட்டினா. ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ ப்ளஸ்’ போட்டு ‘தாம்பரம்’னு குடுத்தா, பைத்தான் அதை மூணு துண்டாத் திருப்பிக் குடுக்குது: ‘த’, ‘ம’, ‘பரம’. காலும் புள்ளியும் அதுக்கு எழுத்துக் கணக்குலயே இல்லையாம். ஆனா பழைய தமிழ் எண்ணுல ‘௨௦௧௫’ன்னு எழுதி ‘இன்ட்’டுக்குக் குடுத்தா, மறுபேச்சு இல்லாம 2015-ன்னு சொல்லுது. எண்ணு தெரியுது, எழுத்து தெரியல. எங்க முன்சீப்பும் அப்படித்தான். எங்கப்பாவோட ௸ கூட 2003-லயே யூனிகோடுல ஏறிடுச்சு. ரவுட்டர் செய்யறவங்களுக்குத்தான் சேதி எட்டல.

சரி, காபி ஆறுது, குடி. குடிச்சுட்டு அந்தக் கோட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுது. ரெகெக்ஸ் எழுதறதுக்கு முன்னாடி ஃபைலைத் தொறந்து ஒரு இருநூறு வரியாவது கண்ணால படி. எந்த வரி தலை, எது ௸ன்னு பேப்பர்ல பென்சிலால குறிச்சுக்கிட்டு வா, நானே பார்த்துத் தர்றேன். ராம் வாங்கற ஆர்டர் போகறதுக்கு முன்னாடி மேனேஜருக்கு போன் பண்ணி, அந்த ரெண்டாவது வரியைப் படிச்சுக் காட்டு. அதுல காரணம்னு போட்டிருக்கிறது சிதறல்னா, ராம் வேண்டியதில்ல.